மிக்கிக்கு ஒரு துணை வேண்டும்... ஆனால், அது யார்?

நள்ளிரவு தாண்டி 2 மணி. வேளச்சேரியில் ஓர் அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடி. ஹாலிலிருந்து மெதுவாக நடந்து, காலியாகக் கிடக்கும் அந்த அறைக்குள் போகிறது மிக்கி. கட்டிலில் ஏறி ஒரு சுற்று முகர்ந்து பார்க்கிறது. பிறகு ஆரம்பிக்கிறது அந்தக் குரல். அதை 'மியாவ்' என்று எழுதினால் பொய்யாகிவிடும். அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து வருகிற ஓலம். கீழ்வீட்டுக்காரர் முதல் தடவை கேட்டபோது, கைக்குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி வந்து கதவைத் தட்டினார்.

மூன்றாவது வாரம் அதே மனிதர்தான் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் புகாரும் எழுதினார்.

மிக்கி, வீட்டுக்கு வந்தது 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து, தெருவில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்த நேரம். நின்றுபோன ஒரு காரின் பானெட்டுக்குள்ளிருந்து கிரீச்சென்று சத்தம். அப்போது பிளஸ் 1 படித்துக்கொண்டிருந்த இந்த வீட்டு மகள்தான் கையை விட்டு வெளியே எடுத்தாள். கறுப்பும் பழுப்பும் கலந்த, உள்ளங்கை அளவு பெண் குட்டி. புயலின் பெயரையே சுருக்கி மிக்கி ஆக்கிவிட்டார்கள். கருத்தடை ஆபரேஷன், தடுப்பூசி எல்லாம் முறையாக ஆனது. அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் கட்டில்தான் மிக்கியின் கட்டில்.

2025 ஜூலையில் மகள் கோவைக்குப் படிக்கப் போனாள். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை 9 மணிக்குப் பூட்டப்படும் கதவு திறக்க மாலை 6 மணி ஆகிவிடும்.

குடியிருப்பில் பஞ்சாயத்து இன்னும் முழுசாக ஓயவில்லை என்பதால் பெயர் வேண்டாம் என்கிறார்கள் பெற்றோர். கால்நடை மருத்துவரின் கிளினிக்கில் அவர்களை 'மிக்கி அம்மா', 'மிக்கி அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

"ரெண்டுல ஒண்ணு பண்ணு. ஒண்ணு, இதை எங்கயாவது நல்ல இடமா பார்த்துக் கொடுத்துடு. இல்லைன்னா இதுக்கு ஒரு ஜோடி கொண்டு வா" என்று மிக்கி அப்பா ஒரு நாள் காலையில் கண் எரிய எரியச் சொன்னார். மிக்கி அம்மாவுக்கு இரண்டாவது யோசனை சட்டென்று பிடித்துப்போனது. தனியாக இருப்பதால் அழுகிறது, இன்னொரு பூனை வந்தால் அழாது. கணக்கு சுலபமாகத்தான் தெரிந்தது.

அட்டைப்பெட்டியைத் திறந்த 10 நிமிடம்

அலுவலகத் தோழி வீட்டில் 2 மாதக் குட்டிகள் நான்கு இருந்தன. வெள்ளையாக, பஞ்சு உருண்டை மாதிரி இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் மிக்கி அம்மா. ஒரு சனிக்கிழமை மாலை அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்து வந்து, ஹாலுக்கு நடுவில் பெட்டியைத் திறந்தார். "மிக்கி, யாரு வந்திருக்கா பாரு!"

மிக்கி பார்த்தது. வால் பாட்டில் கழுவும் பிரஷ் போல உப்பியது. காதுகள் தலையோடு ஒட்டிக்கொண்டன. ஒரு சீறல், ஓர் அறை. குட்டி தெறித்து ஓடி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் புகுந்துகொண்டது. பின்னாலேயே பாய்ந்த மிக்கியைத் தடுக்க மிக்கி அம்மா கையை நீட்டினார். அந்தக் கையில் நான்கு பற்களும் இறங்கின.

மிக்கி அதுவரை அவரை ஒருமுறைகூடக் கடித்ததில்லை. பூனை நடத்தை தெரிந்தவர்கள் இதைத் திசைமாறிய கோபம் என்கிறார்கள். எதிரி மேல் பொங்கிய ஆத்திரம், நடுவில் குறுக்கிட்டவர் மேல் இறங்கிவிடுகிறது. பூனைகள் மோதும்போது கையை நுழைக்கவே கூடாது. தலையணை, தடிமனான அட்டை என்று எதையாவது இடையில் இறக்கிப் பார்வையை மறைத்தாலே போதும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பூனை கடித்தால், 'வீட்டுப் பூனைதானே' என்று மஞ்சள் வைத்துவிட்டு விடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ரேபிஸ் நாயால் மட்டும் வருவதில்லை. கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தவிர, பூனையின் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்குவதால் காயம் வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடித்துவிடும். மிக்கி அம்மாவின் கை இரண்டு நாளில் வீங்கியது. ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டார்.

வெள்ளைக்குட்டி வாஷிங் மெஷினை விட்டு முழுசாக வெளியே வரவே ஒன்றரை நாள் ஆனது. திங்கட்கிழமை மாலை அது தோழி வீட்டுக்கே திரும்பிப் போனது. அதன்பிறகு 10 நாள் மிக்கி சரியாகச் சாப்பிடவில்லை. புதிதாக ஒரு பழக்கமும் வந்தது. பால்கனிக் கதவுத் திரைச்சீலையில் பின்பக்கத்தைத் திருப்பி நின்று, வாலை நடுக்கிச் சிறுநீரைப் பீய்ச்சியது.

"அன்னிக்குத்தான் எனக்கு உண்மையாவே பயம் வந்துச்சு. துணை தேடறேன்னு போயி, இருக்கறதையும் கெடுத்துட்டேனோன்னு" என்கிறார் மிக்கி அம்மா.

தனிக்காட்டு ராணியின் கதை

இதில் மிக்கி மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுப் பூனைகளின் மூதாதை, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவின் வறண்ட நிலங்களில் வாழும் ஒரு வகைக் காட்டுப்பூனை. எலி, பல்லி, சின்னப் பறவைகள் அதன் இரை. ஒரு எலியைக் கூட்டமாகச் சேர்ந்து பிடிக்கவும் முடியாது, பங்கு போட்டால் யாருக்கும் வயிறு நிறையாது. அதனால் அது தனியாகவே வேட்டையாடும். தன் எல்லைக்குள் இன்னொரு பூனை வந்தால், அது தன் சோற்றில் கை வைப்பதாகவே அர்த்தம். தானியக் கிடங்கில் எலி பிடிக்க வந்து மனிதனோடு ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். சைப்ரஸ் தீவில், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அத்தனை காலமாக நம்மோடு இருந்தும், எல்லை பற்றிய அந்தப் பழைய புத்தி போகவில்லை.

அப்படியென்றால் காசிமேட்டில் மீன் இறங்குகிற இடத்தில் கூட்டம் கூட்டமாக நிற்கிறதே, அது? சாப்பாடு மிஞ்சிக் கிடக்கும் இடங்களில் பூனைகள் கூட்டமாக வாழக் கற்றுக்கொண்டன என்பது உண்மைதான். ஆனால், அந்தக் கூட்டத்தின் உள்வட்டத்தைப் பார்த்தால் பெரும்பாலும் தாய், மகள், சகோதரி, சித்தி என்று சொந்தக்காரப் பெட்டைப் பூனைகளாகவே இருக்கும். ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுப்பதும் உண்டு. வெளியிலிருந்து புதிதாக ஒரு பூனை வந்தால் அங்கேயும் சீறல்தான். சேர்த்துக்கொள்ளவே மாட்டா என்றில்லை. ஓரமாக நின்று, வாசனை பழகி, பல நாள் கழித்து மெதுவாக உள்ளே வர வேண்டும். அதை ஒரே நிமிடத்தில் ஹாலுக்கு நடுவில் அட்டைப்பெட்டியைத் திறந்து முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் நம் தவறு.

இந்தத் தவறைச் செய்வது மிக்கி அம்மா மட்டும் இல்லை. காப்பகத்திலிருந்து இரண்டாவது பூனையைத் தத்தெடுத்தவர்களிடம் கேட்டு, அமெரிக்காவில் 2005-ல் ஓர் ஆய்வு வெளியானது. புதுப் பூனை வந்த தொடக்கத்தில் கடி, பிறாண்டல் என்று சண்டை நடந்ததாகச் சுமார் பாதிப் பேர் சொன்னார்கள். அதில் முக்கியமான சேதி வேறு. ஆணா, பெண்ணா, வீடு பெரியதா, சிறியதா என்பதெல்லாம் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. முதல் சந்திப்பு எப்படி இருந்தது என்பதுதான் பின்னாளில் சண்டை தொடருமா என்பதோடு ஒட்டிப்போனது.

"என்ன பூனை வேணும்னு கேட்காதீங்க"

கடிபட்ட கையோடு கால்நடை மருத்துவரிடம் போனபோது, அவர் இன்னொரு பூனை பற்றிப் பேசவே இல்லை. முதலில் மிக்கியைச் சோதித்தார். பல், வயிறு, ரத்தம், சிறுநீர். இரவில் ஓலமிடும் பூனையை 'தனிமை' என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் வலி, சிறுநீர்ப்பை அழற்சி போன்றவை இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். வயதான பூனையாக இருந்தால் தைராய்டு, ரத்த அழுத்தம், மறதி நோய் ஆகியவையும் இப்படிக் கத்த வைக்கும். கருத்தடை செய்யாத பெட்டை என்றால் கேட்கவே வேண்டாம். மிக்கிக்கு உடம்பில் ஒன்றும் இல்லை.

அடுத்து, மூன்று வாரத்துக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் காலையும் இரவும் 15 நிமிடம், குச்சியில் கட்டிய இறகை இழுத்து மிக்கியோடு விளையாட வேண்டும். இரவு விளையாட்டு முடிந்த கையோடு சாப்பாடு. பகலில் கொடுக்கும் தீனியைத் தட்டில் வைக்காமல், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு உருட்டி எடுக்கவிட வேண்டும். ஜன்னலோரம் உட்கார ஒரு பலகை. கூடவே ஒரு 40 பக்க நோட்டில் மிக்கியின் ஒரு நாளை எழுதி வரச் சொன்னார். எப்போது தூங்குகிறது, எதைப் பார்த்து ஓடுகிறது, யாரைப் பார்த்து உறுமுகிறது.

சொல்லப்போனால், இந்த மூன்று வாரத்திலேயே இரவு ஓலம் பாதியாகக் குறைந்தது. பல வீடுகளில் கதை இங்கேயே முடிந்துவிடும். பூனைக்குத் தேவைப்படுவது பல நேரம் இன்னொரு பூனை இல்லை, இன்னும் கொஞ்சம் மனுஷ நேரம். அதைக் கொடுக்க முடியாமல், பதிலுக்கு ஒரு பூனையைக் கொண்டு வந்து வைத்தால், சிரமப்படுவது இரண்டு பூனைகளும்தான்.

மிக்கி வீட்டில் அது முழுசாகப் போதவில்லை. 9 மணி நேரம் பூட்டிய வீடு என்பது மாறவில்லையே. நோட்டைப் புரட்டியபோது மருத்துவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். பால்கனிக்கு எதிர்மதிலில் இரண்டு பூனைகள் வருவது வழக்கம். ஒன்று, தெருவின் கடுவன் பூனை. பெரிய தலை, நேராக முறைத்துப் பார்க்கும், பைப் வழியாக ஏறிப் பால்கனி வரைக்கும் வரும். அதைக் கண்டால்தான் மிக்கி திரைச்சீலையில் பீய்ச்சுகிறது. இன்னொன்று, வாட்ச்மேன் சோறு வைக்கும் கிழட்டுப் பெட்டை. அது மதிலில் படுத்து வெயில் காயும், இந்தப் பக்கம் திரும்பவே திரும்பாது. அதை மிக்கி ஒரு மணி நேரம்கூடச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். சில நேரம் அதைப் பார்த்தபடியே தூங்கியும் போகும்.

"என்ன பூனை வேணும்னு கேட்காதீங்க மேடம். மிக்கி எந்தப் பூனையைப் பார்த்துத் தூங்குதுன்னு பாருங்க" என்றாராம் மருத்துவர்.

மூன்று பேரில் ஒருவர்

மீட்கப்பட்ட பூனைகளைத் தன் வீட்டில் தற்காலிகமாக வைத்துப் பராமரித்து, நல்ல வீடு கிடைத்ததும் கொடுக்கும் பெண் ஒருவர் மடிப்பாக்கத்தில் இருக்கிறார். மருத்துவர் அவரிடம் அனுப்பினார். அங்கே அப்போது 7 பூனைகள் இருந்தன. மிக்கி அம்மாவின் கண் முதலில் போனது ஒரு பெர்ஷியன் மேல். வீடு மாறுகிறோம், குழந்தை பிறந்திருக்கிறது, முடி கொட்டுகிறது என்று காரணம் சொல்லி பெர்ஷியன் பூனைகளை விட்டுவிடுவது இப்போது சகஜமாகிவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால், குட்டியிலிருந்து தனியாகவே வளர்ந்தது. மற்ற பூனைகளைக் கண்டால் அலமாரியின் மேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது.

குட்டிப் பருவத்தில் 2 முதல் 7 வாரம் வரையிலான நாள்கள் பூனையின் வாழ்க்கையில் முக்கியமானவை. யாரோடு பழகலாம், யாரைக் கண்டு ஓட வேண்டும் என்பதை அப்போதுதான் பெருமளவு கற்றுக்கொள்கிறது. அந்த நாள்களில் தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருந்து, பிறகும் வேறு பூனைகளோடு வாழ்ந்த பூனைக்கு, பூனை மொழி தெரியும். எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும்.

இரண்டாவது, ஒரு வயது ஆரஞ்சு நிறக் கடுவன். ஆபரேஷன் ஆகிவிட்டது. சிநேகமானவன்தான், ஆனால் அரை நிமிடம் ஓர் இடத்தில் நிற்கவில்லை. போகிற வருகிற பூனை மேலெல்லாம் பாய்ந்து மல்யுத்தம் செய்தான். மிக்கி அப்பாவுக்கு அவனைத்தான் பிடித்தது. மிக்கியின் நோட்டை வாசித்த அந்தப் பெண், "வேணாம்ணா. இவனுக்கு இவனை மாதிரியே ஒரு ரவுடி வேணும். உங்க பொண்ணு டென்ஷன் ஆயிடுவா" என்று சிரித்திருக்கிறார்.

மூன்றாவது, மூலையில் சாக்கு மேல் படுத்திருந்தது. சாம்பல் நிறம். இடது காது நுனி பழைய சண்டையில் கிழிந்திருந்தது. சுமார் 4 வயது. பெயர் கைப்புள்ள. ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருடம். யாராவது முறைத்தால், வம்பு வேண்டாம் என்பதுபோல் கண்ணை மெதுவாக மூடித் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குட்டிகள் வாலைக் கடித்தால் எழுந்து வேறு சாக்குக்குப் போகும். அங்கு வந்துபோன முப்பதுக்கும் மேற்பட்ட பூனைகளில் ஒன்றோடும் சண்டை கிடையாதாம். எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டு, 'அழகா இல்லையே' என்று விட்டுப் போன பூனை.

'ஆணுக்குப் பெண், பெண்ணுக்கு ஆண்' என்று ஒரு சூத்திரம் ஊரெல்லாம் சொல்லப்படுகிறது. கருத்தடை ஆன பூனைகளில் அது அத்தனை பெரிய விஷயம் இல்லை. ஆபரேஷன் ஆகியிருப்பதுதான் கட்டாயம். கடுவனுக்குச் செய்த பிறகும் சில வாரம் வரை பழைய முறுக்கும், இனப்பெருக்கத் திறனும் மிச்சம் இருக்கலாம் என்பதால், முடிந்த அடுத்த நாளே பெட்டைப் பூனையோடு விடக் கூடாது. வயதுக்கும் இப்படி ஒரு சூத்திரம் உண்டு. 'குட்டி என்றால் பெரிய பூனை ஏற்றுக்கொள்ளும்' என்பது சில இடங்களில் சரிதான், குட்டியை எல்லைக்குப் போட்டியாக அது நினைக்காது. ஆனால் குட்டியின் ஆட்டம் பெரிய பூனையை, அதிலும் வயதான பூனையை, வாட்டி எடுத்துவிடும். வேகம் ஒத்துப்போகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கைப்புள்ளயைக் கூட்டி வருவதற்கு முன்னால் ரத்தச் சோதனை நடந்தது. பூனைகளுக்கு வரும் எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. என்ற இரண்டு வைரஸ்கள் இருக்கின்றனவா என்று சில சொட்டு ரத்தத்தில் பார்த்துவிடலாம். முதலாவது பெரும்பாலும் ஆழமான கடியில் பரவும். இரண்டாவது எச்சில் வழியாக, ஒன்றை ஒன்று நக்கிக்கொள்வதிலும் ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவதிலும்கூடப் பரவும். இவை மனிதருக்கு ஒட்டாது. தடுப்பூசிகள், குடற்புழு மருந்து, தெள்ளுப்பூச்சிக்கு மருந்து எல்லாம் சரிபார்க்கப்பட்டன. எல்லாவற்றையும்விட மிக்கி அம்மா நிம்மதி அடைந்தது ஒரு வரிக்காக. ஒத்துவரவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்வதாக அந்தப் பெண் எழுதிக் கொடுத்தார். அப்படி ஒரு வாக்கு இல்லாமல் பூனை வாங்கிய வீடுகளில்தான், ஒத்துவராத பூனை கடைசியில் மீன் மார்க்கெட் வாசலில் சாக்குப்பையோடு இறக்கிவிடப்படுகிறது.

கதவுக்கு அந்தப் பக்கம்

செப்டம்பர் முதல் வாரம். கைப்புள்ள வந்த இரவு, மிக்கி அதைப் பார்க்கவே இல்லை. கூடை நேராகப் பெற்றோரின் படுக்கையறைக்குப் போய், கதவு சாத்தப்பட்டது. மகளின் காலி அறையைக் கொடுப்பதாகத்தான் முதலில் பேச்சு. மருத்துவர் வேண்டாம் என்றார். மிக்கி மிச்சம் வைத்திருக்கும் ஒரே ஆறுதல் அந்தக் கட்டில். அதைப் பிடுங்கிப் புதியவனுக்குக் கொடுத்தால் பகை அங்கேயே தொடங்கிவிடும். ஆக, மிக்கி அப்பாவும் அம்மாவும் ஹாலுக்கு இடம்பெயர்ந்தார்கள். "பூனைக்கு பெட்ரூம், எனக்கு சோபா. எங்க ஆபீஸ்ல சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்கிறார் மிக்கி அப்பா, இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

பூனைக்கு முகத்தைவிட வாசனைதான் அடையாள அட்டை. கன்னத்திலும் பாதத்திலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. நம் காலில் உரசுவதும், கதவு நிலையில் கன்னத்தைத் தேய்ப்பதும் தன் முத்திரையைக் குத்தும் வேலை. அதனால் அறிமுகமும் மூக்கிலிருந்தே தொடங்கியது. பழைய பனியனைக் கிழித்து, ஒரு துண்டால் கைப்புள்ளயின் கன்னத்தைத் துடைத்து மிக்கியின் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குச் சற்றுத் தள்ளிப் போட்டார்கள். மிக்கியின் துண்டு அந்தப் பக்கம் போனது. முதல் நாள் மிக்கி துணியைப் பார்த்துச் சீறியது. நான்காவது நாள் முகர்ந்துவிட்டு, தாண்டிப் போய்ச் சாப்பிட்டது.

பிறகு சாத்திய கதவின் இரண்டு பக்கமும் கிண்ணங்கள். முதலில் கதவிலிருந்து ஆறடி தள்ளி. சீறாமல் சாப்பிட்டால் மறுநாள் ஒரு சாண் முன்னால். சீறினால் இரண்டு சாண் பின்னால். அவித்த நெத்திலி அந்த நேரத்துக்கு மட்டும்தான். அந்த வாசனை வந்தால் நெத்திலி வரும் என்று மிக்கியின் மூளையில் பதிய வேண்டும், அவ்வளவுதான் தந்திரம்.

பதினோராவது நாள் சறுக்கியது. வீடு துடைக்க வரும் அம்மா, பழக்கதோஷத்தில் கதவைத் திறந்துவிட்டார். நேருக்கு நேர். மிக்கி உப்பிக்கொண்டு பாய்ந்தது. கைப்புள்ள திருப்பி அடிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் நுழைந்து, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டது. அட்டையை நடுவில் இறக்கிக் கதவைச் சாத்தினார்கள். மிக்கி அம்மாவின் கை நடுங்கியதாம். கிண்ணம் மறுபடி ஆறடிக்குப் போனது. ஆனால், வெள்ளைக்குட்டிக்குப் பிறகு 10 நாள் சாப்பிடாமல் கிடந்த மிக்கி, இந்த முறை அன்று இரவே சாப்பிட்டுவிட்டது. பூனையைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததன் பலன் தெரிந்தது அன்றைக்குத்தான். கைப்புள்ளயின் இடத்தில் அந்த ஆரஞ்சுப் பையன் இருந்திருந்தால்?

நான்காவது வாரம் ஆசாரியைக் கூப்பிட்டு, கதவு அளவுக்குச் சட்டம் அடித்து, கம்பி வலை போட்டார்கள். கொசுவலை பூனை நகத்துக்கு நிற்காது. பார்த்துக்கொண்டே சாப்பிட்டன. பிறகு வலையைத் திறந்து, நாளுக்கு 5 நிமிடம், இருவரும் வீட்டில் இருக்கும்போது மட்டும். இடையில் வீடும் கொஞ்சம் மாறியது. மண் தொட்டிகள் மூன்று ஆயின. இரண்டு பூனைக்கு இரண்டு போதாது, ஒன்று கூடுதலாக, வேறு வேறு மூலையில் வேண்டும். கிண்ணங்கள் ஒன்றை ஒன்று பார்க்காத இடத்தில். பரணில் இருந்த பழைய சூட்கேஸ்கள் இறங்கின, அலமாரி வழியாக ஏறிப்போக ஒரு பலகை வந்தது. 2 பெட்ரூம் வீட்டில் தரையை அகலமாக்க முடியாது, உயரத்தைக் கொடுக்கலாம். செயற்கை வாசனைத் திரவம் செருகும் கருவிகூடக் கடையில் கிடைக்கிறது. சில பூனைகளை அது கொஞ்சம் தணிக்கும், ஆனால் மேற்சொன்ன வேலைகளைச் செய்யாமல் அதை மட்டும் செருகி வைப்பது வீண் செலவு.

சண்டை என்றால் சத்தம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டார்கள். மாறி மாறித் துரத்தி, நகம் வெளியே வராமல் உருண்டால் அது விளையாட்டு. ஒரே பூனை எப்போதும் துரத்தினால் அது விளையாட்டில்லை. ஒரு பூனை சத்தமே இல்லாமல் மண் தொட்டிக்குப் போகும் வழியில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே இருந்தால், அதுதான் மோசமான அராஜகம். இன்னொன்று அடக்கி அடக்கி, கடைசியில் சோபாவுக்குப் பின்னால் போகும். ஆறாவது வாரம் மிக்கி இப்படிப் பாதையை மறித்து உட்கார ஆரம்பித்தது. தொட்டிகளில் ஒன்றைப் பால்கனிப் பக்கம் மாற்றியதும் அது ஓய்ந்தது.

இரண்டும் கட்டிப்பிடித்துத் தூங்குகின்றனவா? இல்லை. ஒன்றை ஒன்று நக்கிக் கொடுக்கின்றனவா? ஒருமுறை மிக்கி, கைப்புள்ளயின் கிழிந்த காதை முகர்ந்து, ஒரே ஒரு நக்கு நக்கிவிட்டு, செய்யக்கூடாததைச் செய்துவிட்டதுபோல் எழுந்து போனதாம். மற்றபடி பகலில் ஒன்று பரணில், ஒன்று ஜன்னல் பலகையில். இரவு ஓலம் இப்போது வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. திரைச்சீலை மாற்றப்பட்டது, அதன்பிறகு நனையவில்லை. கீழ்வீட்டுக்காரர் மட்டும் இரண்டாவது பூனை வந்த விஷயம் தெரிந்து அடுத்த மீட்டிங்கில் பேசப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

தீபாவளிக்கு மகள் வந்தாள். பேக்கை இறக்கி வைக்கும் முன்பே மிக்கி வாலைக் கொடிக்கம்பம் மாதிரி தூக்கிக்கொண்டு ஓடி வந்து காலில் உரசியது. கைப்புள்ள பரணிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ராத்திரி 7 மணிக்குத் தெருவில் சரம் வெடிக்கத் தொடங்கியதும் இரண்டையும் காணவில்லை. ஜன்னல்களைச் சாத்திவிட்டு, டார்ச் அடித்து வீடெல்லாம் தேடியிருக்கிறார்கள். மகளின் கட்டிலுக்கு அடியில், மிக்கியின் சொந்த ராஜ்ஜியத்தில், சுவரோரம் ஒடுங்கியிருந்தது கைப்புள்ள. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி மிக்கி. உறுமவில்லை.

"லைட்டை ஆஃப் பண்ணும்மா, அதுங்க இருக்கட்டும்" என்று கதவைப் பாதி சாத்திவிட்டு, அன்று இரவு மகளும் ஹாலிலேயே படுத்துக்கொண்டாள்.